புதுப்பிப்பு: கோத்தகிரி ஒன்பதாம் வகுப்பு, வாசிப்பு அட்டைகள்

போன மாதம் புலம்பியிருந்தேனே, பிள்ளைகள் கடகடவென்று வாசிக்கிறார்கள், என்ன புரிந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள் என்று. நீங்கள் சொன்ன நான்கு அட்டைகளையும் போட்டுப் பார்த்தேன்: ஊகி, கேள், தெளிவாக்கு, சுருக்கு. ஆளுக்கு ஓர் அட்டை; வாசிக்கும்போது அட்டையில் உள்ள வேலையை அந்தப் பிள்ளை செய்ய வேண்டும். 1984-இல் கல்வி ஆய்வாளர்கள் பாலின்சாரும் பிரவுனும் எழுதிய, பிள்ளைகளே மாறி மாறி ஆசிரியர் இடத்தில் இருந்து வாசிக்கும் அதே முறைதான். பழைய காலண்டர் அட்டையில் வெட்டியதால் மூன்றே நாள் பனியில் நமுத்துப்போச்சு, அது தனிக்கதை.

பாடம் மலை ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம் (ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் பிடித்து ஏற, நடுவே பற்கள் வைத்தது) என்ற வரியில் 'தெளிவாக்கு' அட்டைக்காரி நிறுத்தினாள்: "மிஸ், அப்போ ஊட்டி வரைக்கும் ஏன் போடல?"

"குன்னூருக்கு மேல ஏத்தம் கம்மி" என்றான் கடைசி பெஞ்ச் பையன். நான் வாயே திறக்கவில்லை.

'சுருக்கு'தான் இன்னும் தகராறு. பத்தியை அப்படியே திருப்பி எழுதுகிறார்கள். இந்த வாரம் பத்து வார்த்தைதான் கணக்கு என்று சொல்லியிருக்கிறேன்.