இரவு ஒன்றரை மணிக்கு வரும் நாற்றம்

எர்ணாவூரிலிருந்து

நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். துறைமுகத்துக்கு நிலக்கரிக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் மொட்டைமாடியில் வெள்ளைத் துணி காயப்போட மாட்டோம். வடாம் பிழிந்தால் அதற்கு மேலே ஒரு பழைய புடவையை இழுத்துக் கட்டுவார் அம்மா. சாயந்திரம் அந்தப் புடவையை உதறினால் கரித்தூள் கொட்டும். வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு, 2011 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது. தெருவே சந்தோஷப்பட்டது. அந்தக் கரி இனிமேல் எங்கே போகும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. அடுத்த வருடம் என்னைக் கட்டிக்கொடுத்ததும் எண்ணூரை ஒட்டிய இந்தப் பக்கம்தான்.

இங்கே கரியோடு சாம்பலும் உண்டு. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அனல் மின் நிலையப் பக்கமிருந்து வருவது ஜன்னல் கம்பியில் படியும். ஆனால் எங்களைத் தூங்கவிடாதது நாற்றம்தான். அழுகிய முட்டை மாதிரி ஒரு நாள், கேஸ் கசிந்த மாதிரி ஒரு நாள். பையனுக்கு வீசிங் வந்து நெபுலைசர் வைத்த இரவுகள் பல.

2023 டிசம்பர் 26 இரவை மறக்க முடியாது. கடலுக்கு அடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பத்தில் ஜனங்கள் மூச்சு முட்டி ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். எங்கள் தெருவிலும் கண் எரிந்தது. துண்டை நனைத்து மூக்கில் கட்டச் சொன்னார் மாமனார். அமோனியா தண்ணீரில் கரையும் என்று பிற்பாடுதான் படித்தேன். “காத்து போற பக்கம் ஓடாதே, குறுக்கால போ” என்றார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர்.

அதற்குப் பிறகு நாற்றம் வந்தால் சும்மா இருப்பதில்லை, புகார் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வந்தார். அப்போது கடல் காற்று. ஒன்றுமே இல்லை. “இப்போ எதுவும் தெரியலையேம்மா” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர், கிளம்பும்போது ஒன்று சொன்னார்: “நேரம், காத்து, என்ன வாடை, மூணையும் எழுதி வைங்க. அது இருந்தா நானும் மேல பேசலாம்.”

அன்றிலிருந்து நோட்டு போட்டேன். நேரத்தை நான் எழுதுவேன், காற்றை மாமனார் வாசலில் நின்று சொல்வார். மூன்று மாதத்தில் 41 பதிவு. அதில் 33 கரைக்காற்று வீசும்போது, நள்ளிரவு ஒரு மணிக்கும் நான்குக்கும் நடுவே. தொழிற்சாலைகள் நிறைந்த மணலி எங்களுக்கு மேற்கே இருக்கிறது. ராத்திரி நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று போகும்போது நாங்கள் அதன் வழியில் இருக்கிறோம். நோட்டை நகலெடுத்துக் கொடுத்த பிறகு ஒரு தடவை இரவிலேயே கருவியோடு வந்தார்கள். ஒரே ஒரு தடவைதான். இருந்தாலும் வந்தார்கள்.

கொடுங்கையூரிலிருந்து

எர்ணாவூர் அக்கா எழுதியதைப் படித்தேன். எங்கள் பக்கத்துக் குப்பைக் கிடங்கு புகைந்த இரவில் நானும் கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்திருக்கிறேன். காலையில் காற்றின் தரத்தைக் காட்டும் அரசின் சமீர் செயலியைத் திறந்தால் ‘மிதமானது’ என்று இருக்கும். கோபம் வரும். அப்புறம்தான் புரிந்தது, நுண்துகளுக்கு அது காட்டுவது 24 மணி நேரச் சராசரி. இரண்டு மணி நேரப் புகை அதில் கரைந்துவிடும். காற்றுத் தரக் குறியீட்டில் சேர்க்கும் எட்டு மாசுகளில் அழுகிய முட்டை நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடு கிடையாது. நம் நாட்டில் பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய துகளுக்கு ஒரு நாள் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அதனால் செயலியில் பச்சை, மஞ்சள் நிறத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். மணிவாரி அளவைப் பாருங்கள்.

எங்கள் தெருவில் 22 வீடுகள் ஈரக்குப்பையைத் தொட்டியில் மக்க வைக்கிறோம். அழுகும் குப்பை கிடங்குக்குப் போனால் எரியக்கூடிய மீத்தேன் வாயு ஆகிறது, தீ பிடித்தால் லேசில் அணைவதில்லை. 22 வீடு போதாது என்று தெரியும். ஆனால் குப்பையைப் பிரிக்காமல் இன்னொரு ஊருக்கு மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா சொன்ன ராயபுரம் கரி மாதிரிதான் ஆகும்.

மாத்தூரிலிருந்து

அக்கா, படித்ததும் எழுதுகிறேன். எங்களுக்கு நாற்றம் வருவது மத்தியானம். இரண்டு மணிக்கு மேல் கடல் காற்று ஏறியதும் வீட்டுக்குள் வரும், ஏழு மணிக்கு அடங்கும். ராத்திரி சுத்தமாக இருக்கும். நாங்கள் மணலிக்கு மேற்கே, நீங்கள் கிழக்கே. நான் நோட்டு போடவில்லை, ஆனால் மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள், போன மாசியிலிருந்து.

எர்ணாவூரிலிருந்து

தம்பி, அந்தக் காலண்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். என் நோட்டில் ராத்திரி, உங்கள் காலண்டரில் பகல். ஒரே தேதியில் இரண்டும் இருந்தால் நாற்றம் நடுவில் எங்கிருந்து கிளம்புகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டலாம். வருகிற ஞாயிறு மாமனாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாசி மாதம் எந்தக் காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று அவருக்குத்தான் தெரியும்.