வண்டி நிறுவனம் சொல்லும் 77 டெசிபெல் எங்கள் வாசலில் ஏன் இல்லை?

தங்கச்சிமடம் ஆசிரியர் கேட்டது:

எங்கள் வீடு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். ஒரு நாள் காலையில் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வருவார். மீனை இறக்கி, வலையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து படுப்பதற்குள் பத்து மணி ஆகிவிடும். ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் போகும் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி வருவதும் அந்த நேரத்தில்தான். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் இரைச்சல். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி எத்தனையோ நாளாகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளைப் படித்துப் பார்த்தேன். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று வரம்பு இருக்கிறது. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. எங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பகல் பத்து மணிக்குத்தான் இரவு தொடங்குகிறது, ஆகவே அந்த 45 அவருக்கு உதவவில்லை.

என் தம்பி 150 சிசி இருசக்கர வாகனம் வைத்திருக்கிறான். 80 முதல் 175 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2005 முதல் 77 டெசிபெல் வரம்பு என்றும், அதைத் தாண்டினால் விற்பனைக்கே அனுமதி இல்லை என்றும் அறிந்தேன். ஆனால் வாசலில் நின்று கைப்பேசியில் பார்த்தால் சில வண்டிகள் 90ஐத் தாண்டுகின்றன. கைப்பேசி முறையான ஒலிமானி ஆகாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கிறது. நிறுவனங்கள் சட்டத்தை ஏமாற்றுகின்றனவா, அல்லது வண்டி வாங்கியவர்களிடம்தான் தவறா? மற்ற நாடுகளில் இப்படிச் சட்டம் வந்தபோது வாகனத் தொழில்துறை என்ன செய்தது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உச்சிப்புளிக்காரன் (சென்னையில் வாகனச் சோதனைப் பணியில் இருந்தவன்):

ஐயா, அந்த 77 எப்படி அளக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திறந்த வெளியில் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைப் பாதை இருக்கும். அதன் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் இருபுறமும் ஒலிவாங்கிகள் நிற்கும். வண்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, பாதைக்குள் நுழைந்தவுடன் ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி வெளியேறும். அந்த ஒரு கடப்பில் பதிவாகும் உச்ச அளவுதான் வரம்போடு ஒப்பிடப்படுகிறது. வண்டி புதியது, சைலன்சர் நிறுவனத்துடையது, பாதையில் வேறு ஓசை இல்லை. உங்கள் வாசலிலோ பத்து வண்டிகள் சேர்ந்து வருகின்றன. ஒரே அளவில் ஒலிக்கும் இரண்டு வண்டிகள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும், பத்து சேர்ந்தால் 10 கூடும். ஆகவே எல்லா வண்டியும் சட்டப்படி இருந்தாலும் 77 உங்களுக்குக் கிடைக்காது.

நிறுவனங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் உண்மையாகவே உழைத்தார்கள் என்பதை நான் மறைக்க மாட்டேன். ஐரோப்பாவில் 1970இல் கார்களுக்கு 82 டெசிபெல் என்று இருந்த வரம்பு தொண்ணூறுகளின் நடுவில் 74 ஆயிற்று. அந்த எட்டு டெசிபெலைக் குறைக்கப் பெரிய சைலன்சர், எஞ்சினைச் சுற்றி உறை, காற்று உறிஞ்சும் பெட்டியில் மாற்றம் எனப் பல வேலைகள் நடந்தன. ஆனால் சாலையோர வீடுகளில் அந்த எட்டும் குறையவில்லை. முழு ஆக்சிலேட்டரில் செய்யும் சோதனை எஞ்சினின் ஓசையைத்தான் பெரும்பாலும் அளந்தது. சீரான வேகத்தில் ஓடும் காரிலோ ஏறத்தாழ 40, 50 கிலோமீட்டருக்கு மேல் டயர் ஓசையே மேலோங்குகிறது. எதை அளந்தார்களோ அது குறைந்தது.

எனக்கு வருத்தம் தந்தது இதற்கு அடுத்த கட்டம். விலை உயர்ந்த மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் புகைபோக்கிக் குழாய்க்குள் மின்மோட்டாரால் திறந்து மூடும் ஒரு மடல் உண்டு. எஞ்சினின் திறனுக்கு அது பயன்படும் என்பது உண்மைதான். ஆனால் சோதனை நடக்கும் சுழற்சி வேகத்தில் மூடியிருந்து, அதைத் தாண்டியதும் திறக்கும்படியும் அதை அமைக்க முடியும். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை, தூக்கம் மட்டும் போயிற்று. இதைக் கண்டுதான் மோட்டார் சைக்கிள் ஒலி பற்றிய ஐக்கிய நாடுகளின் 41ஆம் ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, பல கியர்களிலும் பல சுழற்சி வேகங்களிலும் கூடுதலாக அளக்கும் முறை சேர்க்கப்பட்டது. 2016 முதல் யூரோ 4 என்ற புகை வரம்பு விதிகளோடு அது ஐரோப்பாவில் புதிய வகை வண்டிகளுக்குக் கட்டாயமானது.

கீழக்கரை பணிமனை:

பொறியாளர் தம்பி சொன்னது புது வண்டியின் கதை. நான் பழைய வண்டியின் கதையைச் சொல்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பணிமனை வைத்திருக்கிறேன்.

எல்லோரும் இளைஞர்களைத்தான் குறை சொல்கிறார்கள். அவர்கள் வருவது உண்மை. சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டை எடுத்துவிடுங்கள் என்று கேட்பார்கள்; அல்லது வெளியில் வாங்கிய குட்டைக் குழாயைக் கொண்டுவந்து மாட்டச் சொல்வார்கள். "பந்தயத் தடத்துக்கு மட்டும்" என்று அச்சிட்டு அந்தக் குழாயை விற்கிறார்கள். நம் மாவட்டத்தில் பந்தயத் தடம் எங்கே இருக்கிறது? செய்து கொடுத்த காலமும் எனக்கு உண்டு, இப்போது செய்வதில்லை.

ஆனால் எங்கள் கரையில் இன்னொரு காரணம் இருக்கிறது. உப்புக் காற்று. மேலைக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் மணலும் ஈரமும் சேர்ந்து வண்டியின் அடியில் ஒட்டும். உள்ளே எரிபுகையின் நீர் தேங்கித் துருவேற்றும், வெளியே உப்பு அரிக்கும். மதுரையில் நெடுநாள் தாங்கும் சைலன்சர் இங்கே அதற்கு வெகு முன்பே ஓட்டையாகிவிடும். மீன் கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர் நிறுவனத்துச் சைலன்சரின் விலையைக் கேட்டதும் தயங்குகிறார். சந்தையில் அதே உருவத்தில் மலிவாகக் கிடைக்கிறது. உள்ளே அறைகளும் இல்லை, ஒலியை உறிஞ்சும் பஞ்சும் இல்லை. அவர் சத்தத்துக்கு ஆசைப்பட்டவர் அல்லர். அவரை நிறுத்தி அபராதம் போட்டால் அன்றைய வருமானம் போகும், மறுநாளும் அதே குழாயோடுதான் வருவார்.

மீன் வண்டிகளின் பல குரல் ஏர் ஹாரன் வேறு கணக்கு. அதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது.

தொண்டி வழக்கறிஞர்:

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 119 பல குரல் ஹாரனைத் தடை செய்கிறது. விதி 120 எல்லா வண்டிக்கும் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி ஒலி வரம்பை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின், முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. தேவையின்றி ஹாரன் அடித்தால் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000, அடுத்த முறை 2,000 ரூபாய்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது ஒலி மாசு விதிகளின் 7ஆம் விதி. வரம்பைவிட 10 டெசிபெல் கூடினால் எவரும் புகார் தரலாம். மாவட்ட ஆட்சியரிடமோ, காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடமோ கொடுக்க வேண்டும். பகலுக்கும் வரம்பு உண்டு என்பதால் உங்கள் அப்பாவின் தூக்க நேரம் சட்டத்துக்கு வெளியே இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முறையான கருவியால் அளக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவில் சேருங்கள்.

தங்கச்சிமடம் ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. பணிமனைக் காக்கா (அண்ணன்) சொன்ன துருப்பிடித்த சைலன்சர் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படி நான்கு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று மட்டும் கேட்கிறேன்: மலிவுக் குழாய் ஒலி வரம்புக்குள் இருக்கிறதா என்று விற்பதற்கு முன்பே பார்க்க வழி இல்லையா?

உச்சிப்புளிக்காரன்:

இருக்கிறது ஐயா. ஐரோப்பாவில் சாலையில் ஓடும் வண்டிக்கு மாற்றுச் சைலன்சர் விற்க வேண்டுமானால் அதற்குத் தனி ஒப்புதலும் முத்திரையும் வேண்டும். கலிபோர்னியாவில் 2013 முதல் தயாரான மோட்டார் சைக்கிள்களில் முத்திரை இல்லாத குழாயைப் பொருத்த முடியாது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் "எங்கள் வண்டி அமைதியானது, மாற்றுகிறவர்கள்தான் காரணம்" என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிறகு அவர்களுடைய சங்கமே முன்வந்து, நிற்கும் வண்டியைச் சாலையோரத்தில் அளக்கும், வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2825 என்ற முறை 2009இல் வருவதற்குத் துணை நின்றது. குழாய் முனையிலிருந்து அரை மீட்டரில், 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்துச் சில நிமிடங்களில் முடிக்கும் வேலை அது. நம் ஊரில் புகைச் சான்றிதழ் எடுக்க எல்லா வண்டியும் மையத்துக்கு வந்தே தீரும். அங்கே புகையை மட்டும் பார்க்கிறார்கள். அதே இடத்தில் இந்த அளவையும் எடுத்தால் துருப்பிடித்த குழாயும் வெட்டிய குழாயும் ஒன்றாகவே தெரிந்துவிடும். ஆட்சியருக்கு எழுதும் மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள். அளவெடுக்க ஆள் வேண்டுமென்றால் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், என் ஒலிமானியோடு உங்கள் வாசலுக்கு வந்து நிற்கிறேன்.

கீழக்கரை பணிமனை:

தம்பி வரும் நாளைச் சொல்லுங்கள். நிறுவனத்துச் சைலன்சர் ஒன்று, மலிவுச் சைலன்சர் ஒன்று, ஓட்டையானது ஒன்று, மூன்றையும் எடுத்து வருகிறேன். ஒரே வண்டியில் மாற்றி மாற்றிப் பொருத்தி அளந்து, அந்த எண்களை மனுவோடு இணைத்துவிடலாம். ஆசிரியரின் அப்பா கடலுக்குப் போயிருக்கும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வோம்.