மிதவையா, புணையா?

அன்புள்ள குழுவினருக்கு,

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான மின்னியல் பாடத்தைத் திங்கட்கிழமை அச்சுக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால்தான், நீர்த்தேக்கத்தின் மேல் சூரியத் தகடுகளை மிதக்கவிட்டு மின்சாரம் எடுக்கும் அமைப்புக்கு உங்களிடம் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது.

நாளிதழ்கள் எழுதும் 'மிதக்கும் சூரிய மின் நிலையம்' எல்லோருக்கும் புரிகிறது. ஆனால் 'மிதக்கும்' என்ற பெயரெச்சம் முதலில் சூரியனைத் தழுவுகிறது என்ற மறுப்பும் சரியே. 'நீர்ச்சூரியமின்' என்றால் குழப்பம் மிகும். நீர்மின் என்பது அணை மின்சாரத்துக்கு நிலைத்துவிட்டது, மத்தியப் பிரதேசத்தின் ஓங்காரேஸ்வரில் நீர்மின் நிலையத்தின் தேக்கத்திலேயே தகடுகள் மிதக்கின்றன. 'ஞாயிற்றுமின்' கிழமையை நினைவூட்டும். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. எனினும் 'கதிர்மின்' என்றதும் மாணவர் கதிர்வீச்சையும் அணு உலையையும் எண்ணுவர் என்பதால் 'சூரிய' என்பதை விட மனமில்லை.

புலவர் ஐயா முன்வைத்த, தெப்பம் எனப் பொருள்படும் 'புணை' என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. அது பிணைத்தலோடு உறவுடைய சொல் என்று அவர் காட்டியது பொருத்தமே: உள்ளீடற்ற பிளாஸ்டிக் மிதவைகளின் மூலைகளில் காதுபோல் நீண்ட துளைகளைத் திருகாணியால் கோத்துத்தான் மேடை உருவாகிறது. ஆனால் 'நீர்வழிப் படூஉம் புணை' என்னும் புறநானூற்று அடியில் புணை ஆற்றின் போக்கில் செல்கிறது. இங்கோ மேடை நகரவே கூடாது. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 100 மெகாவாட் நிலையம் 40 தொகுதிகளாக, தொகுதிக்கு 11,200 தகடுகளுடன், தேக்கத்தின் அடியில் இறக்கிய கான்கிரீட் பாரக் கட்டைகளோடு கயிற்றால் கட்டப்பட்டு நிற்கிறது. மின்மாற்றியும் அங்கே நீர்மேல்தான் இருக்கிறது; ஆகவே தகடு மட்டுமன்று, நிலையமே மிதக்கிறது. 'மிதவைத் தகடு' என்று சுருக்குவோர் இதைக் கருத வேண்டும்.

பெரும்பான்மையோர் 'மிதவைச் சூரியமின் நிலையம்' பக்கம் நிற்பதால் பாடத் தலைப்பில் அதையே இடுகிறேன். இடையில் 'ச்' என்னும் ஒற்று வேண்டாம் என்ற அம்மையாரின் கருத்தை, அத்தொடர் 'மிதவைமேல் அமைந்த' என விரிவதால், ஏற்க இயலவில்லை. ஆயினும் கோத்து முடித்த மேடைக்குப் 'புணை' என்றே உள்ளே எழுதுகிறேன். தனி மிதவை வேறு, மிதவைகள் பிணைந்த புணை வேறு, படத்தில் இரண்டையும் அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. மறுப்புள்ளோர் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள்.