சிற்றூர் லுத்தரன் ஆலயங்கள் எவ்வாறு தோன்றின?

கேள்வி (வெள்ளவத்தை): தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றிலிருந்து கொழும்புக்கு வந்த எங்கள் அம்மம்மா, அங்கிருந்த ஓட்டுக்கூரை லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிவந்த கிறிஸ்தவ சபை) ஆலயத்தைப் பற்றியே ஓயாமல் சொல்வார். அத்தகைய ஆலயங்களின் வரலாறு என்ன?

பதில் (கொட்டாஞ்சேனை): 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்து, 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். ஆனால் ஊர் ஊராக நடந்து சபைகளை வளர்த்தவர்கள் தமிழ் உபதேசியார்களே (வேதம் கற்பிக்கும் சபை ஊழியர்கள்) என்பது என் எண்ணம். அவர்களுள் ஒருவரான ஆரோன் 1733இல் குருப்பட்டம் பெற்றார்.

பதில் (மட்டக்குளி): தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாறு பக்கம் உறவினரிடம் போயிருந்தபோது அறுவடைப் பண்டிகையைக் கண்டேன். ஆராதனை முடிந்ததும் பூசணிக்காய், நெல், கால் கட்டிய சேவல் என எல்லாம் முற்றத்தில் ஏலம் போயின. வாங்கியவர்களே மீண்டும் காணிக்கையாகக் கொடுத்ததால், அந்தச் சேவல் மூன்று முறை விலைபோனது.

கேள்வி கேட்டவர்: சேவல் கதையை அம்மம்மாவும் சொல்லியிருக்கிறார், நாங்கள்தான் நம்பவில்லை.