ஏசி படுக்கையறைக்கு இஆர்வியா, ஃப்ரெஷ் ஏர் ஃபேனா? (சென்னை)

மாடிவீடு:
அடுக்குமாடியில் 12×10 அடி அறை, உயரம் 10 அடி, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். இரண்டு பேர் கதவை மூடிப் படுத்தால் விடிகாலையில் கார்பன் டை ஆக்சைடு 2,400 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,400). ஒரு கடையில் எச்ஆர்வி (வெளியேறும் குளிர்காற்றை வைத்து உள்ளே வரும் புதுக்காற்றின் சூட்டைக் குறைக்கும் கருவி), இன்னொரு கடையில் இஆர்வி (அதோடு ஈரத்தையும் குறைப்பது), எலக்ட்ரீஷியனோ எக்ஸாஸ்ட் ஃபேனே போதும் என்கிறார். கரண்ட் பில்லும் எகிறக் கூடாது. எதைப் போடலாம்?

குளிர்கணக்கு:
மீட்டரில் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும்) சென்சார்தானா என்று பாருங்கள். மலிவானவை வேறு வாயுக்களை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைக் காட்டும். ஆனாலும் 2,400 நம்பக்கூடியதுதான். ஸ்ப்ளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடுகிறது, புதுக்காற்று எடுப்பதில்லை.

தூங்கும் இருவருக்கு 25 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 25 கன அடி) வெளிக்காற்று கிடைத்தால் 1,000 பிபிஎம் பக்கம் நிற்கும். எச்ஆர்வி வேண்டாம். அது வெப்பத்தை மட்டும் தடுக்கும், ஈரத்தை அப்படியே உள்ளே விடும், குளிர்நாட்டுச் சரக்கு. நம் ஊர்க் கோடையில் அந்த 25 சிஎஃப்எம்மோடு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே வரும். புதுக்காற்றால் ஏசிக்கு ஏறும் சுமையில் பெரும்பங்கு அதுதான்.

பில்லையும் பார்த்துவிடுவோம். இந்தக் காற்றைக் குளிர்விக்க 8 மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 யூனிட். 60% மீட்கும் இஆர்வி 0.6 யூனிட் மிச்சம் பிடிக்கும், அதன் இரண்டு ஃபேன்களும் 0.2 தின்னும். மாதம் 12 யூனிட்டுக்காக இஆர்வி வாங்கினால் போட்ட காசு திரும்பாது.

டக்ட்வேலை:
எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டவே வேண்டாம். வெளியே இழுக்கும் காற்றுக்கு ஈடாக கதவிடுக்கு, பாத்ரூம் டிரெய்ன் வழியாக வடிகட்டாத காற்று வரும். டிரெய்ன் ட்ராப் (நாற்றத்தைத் தடுக்க தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) காய்ந்திருந்தால் சாக்கடை நாற்றமும் சேரும். உள்ளே தள்ளும் 4 அங்குல இன்லைன் ஃபேன் (குழாயோடு பொருத்தும் ஃப்ரெஷ் ஏர் ஃபேன்) போடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் ஃபில்டர் இல்லாத அளவு. 25 வேண்டுமானால் 80–100 போட்டதாக வாங்கி ரெகுலேட்டரில் குறையுங்கள். முன்னால் கழுவக்கூடிய ஃபில்டர், பின்னால் மெர்வ் 13 (நுண்தூசியைப் பிடிக்கும் தரம்) ஃபில்டர். வெளிவாயில் கொசுவலைதான் முதலில் அடைக்கும், கை எட்டுகிற இடமாகப் பாருங்கள்.

சுவரில் 110 மிமீ கோர் கட்டிங் (மெஷினில் வட்டமாகத் துளை போடுவது), வெளிப்பக்கம் ஒரு செமீ சரிவு. பீம், தூண் பக்கம் போகக் கூடாது. அசோசியேஷன் அனுமதியும் வாங்கிவிடுங்கள். காற்று ஏசியின் தலைப்பக்கம், அது உறிஞ்சும் இடத்தில் விழட்டும். குளிர்ந்த லூவர் (ஏசி காற்று வெளிவரும் வாயிலின் தகடு) மேல் பட்டால் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்டும், பிறகு கேஸ் குறைவு என்று தப்பாகச் சொல்ல மெக்கானிக் வருவார்.

மாடிவீடு:
நன்றி. அப்போ இஆர்வி யாருக்குத்தான்?

குளிர்கணக்கு:
வீடு முழுக்க இரவும் பகலும் ஏசி ஓடுபவர்களுக்கு. உங்களுக்கும் ஒரு காரணம் வரலாம்: 120 சதுர அடிக்கு ஒன்றரை டன் அதிகம். சீக்கிரம் குளிர்ந்து கம்ப்ரஸர் தணிந்துவிடும், ஈரம் எடுபடாது. ஃபேன் போட்டபின் ஒரு வாரம் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர்) வையுங்கள். டிரை மோடிலும் 65%க்கு மேல் நின்றால் அப்போது இஆர்வி, அதே ஓட்டையோடு இன்னோர் ஓட்டை போட்டால் போதும். இஆர்வியின் உள்ளே வெப்பமும் ஈரமும் கைமாறும் ‘கோர்’ பகுதியைத் தண்ணீரில் கழுவாதீர்கள், பெரும்பாலும் காகிதம், வாக்யூம் போதும். சமையலறைக் காற்றை அதில் இணைக்கவும் கூடாது.