'வலிதாக்கல்' வேண்டாம், வேறு என்ன? (திங்களுக்குள் தேவை)

கொக்குவிலிலிருந்து, வெள்ளி இரவு:
வணக்கம். பாடசாலைப் பற்சிகிச்சையாளருக்கான கைநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகவேண்டும். டென்மார்க்கில் 1972 முதல் பிள்ளைகளின் பல் விவரங்கள் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. அப்படியான பதிவேட்டில் 'சூத்தை' என்று எழுதப்பட்ட பல் உண்மையிலேயே சூத்தைதானா என்று, பயிற்சி பெற்ற ஒருவர் அதே பிள்ளையின் வாயைப் பார்த்து ஒப்பிடுகிறார். ஆங்கிலத்தில் validation எனப்படும் அந்த வேலைக்கு அகராதி தரும் சொல் 'வலிதாக்கல்'. பல் பற்றிய நூலில் அதைப் போட்டால், பிள்ளைக்கு நோவு கொடுக்கச் சொல்வதுபோல இருக்கிறது.

உரும்பிராய் மாஸ்டர்:
தங்கச்சி, வலிது 'வல்' அடியில் பிறந்தது. வன்மை, வல்லமை எல்லாம் அதன் உறவு. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும்" என்று வள்ளுவர் அடுக்கிய நாலு வலியில் ஒன்றாவது நோவா? அதோடு யாழ்ப்பாணத்தில் பல்லுக்கு வலி எப்போது வந்தது? எங்களுக்குப் பல்லுக்கொதி அல்லவா!

கோயம்புத்தூர் நண்பர்:
ஐயா, எங்களுக்கு அது பல்வலிதான். சூத்தையும் இங்கே சொத்தை. 'சரிபார்ப்பு' என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எல்லோருக்கும் புரியும்.

மானிப்பாய் பல் வைத்தியர்:
புரியும், ஆனால் தவறாகப் புரியும். பிறந்த திகதியில் எழுத்துப் பிழை பார்ப்பதும் சரிபார்ப்புத்தானே. இங்கே கேள்வி வேறு. ஐந்து பிள்ளைகள், 100 பாற்பற்கள், அதில் 5 சூத்தை என்று வையுங்கள். ஒருவர் யாருடைய வாயையும் திறக்காமல் எல்லாம் 'நல்ல பல்' என்று எழுதிவிட்டாலும் 95 வீதம் பொருந்தும். ஆனால் சூத்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. தற்செயலாகப் பொருந்துவதைக் கழித்துப் பார்க்கும் கப்பா அளவு அங்கே பூச்சியம். இன்னொன்று, ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்பல் இல்லையென்றால் அது தானாக விழுந்ததா, சூத்தைக்காகப் பிடுங்கியதா? பதிவேட்டில் 'இல்லை' என்று மட்டும் இருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். இத்தனையையும் தாங்குகிற சொல் வேண்டும்.

நல்லூரிலிருந்து:
என் தாத்தா பொற்கொல்லர். பொன்னைக் கல்லில் உரைப்பார். பக்கத்தில் மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த பொன் ஆணியையும் உரைத்து, இரண்டு கீற்றையும் ஒப்பிடுவார். நீங்கள் சொல்வது அச்சொட்டாக இதுதான். பதிவேடு பொன், உங்கள் பரிசோதகர் ஆணி. ஆகவே 'உரைப்பு'. கட்டளைக்கல், ஆணிப்பொன் என்று ஒரு குடும்பமே பின்னால் நிற்கிறது. இன்னும் சொல்வதானால்...

(இதற்குப் பிறகு மூன்று பந்தி. 'உரை' எப்படி மாற்றும் ஆனது, பேச்சும் ஆனது என்று. நன்றாகத்தான் இருந்தது.)

கொக்குவில்:
அண்ணை, அழகான சொல். ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னால் 'பதிவேட்டு உறைப்பு' என்று கேட்கும். மிளகாய்த்தூள் ஞாபகம் வரும்.

மருதனார்மடத்துக் கணித ஆசிரியை:
ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? சமன்பாட்டின் விடையைத் திரும்பப் போட்டு 'வாய்ப்புப் பார்த்தல்' பள்ளியில் படித்ததுதானே. பயிற்சிக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும்.

கோயம்புத்தூர்:
அம்மா, எங்களுக்கு வாய்ப்பு என்றால் சந்தர்ப்பம். டாக்டரோ தற்செயலைக் கழிக்கச் சொல்கிறார். தற்செயலாக நேரும் வாய்ப்பைக் கழித்து வாய்ப்புப் பார்ப்பதா?

மாஸ்டர்:
வலிதாக்கலில் இந்தக் குழப்பம் இல்லை.

கொக்குவில், ஞாயிறு இரவு:
சரி, நால்வர் வாய்ப்புப் பார்த்தல் பக்கம். அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'பதிவேடு சொல்வது வாயில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்த்தல்' என்று விளக்கமும் வரும். மாஸ்டர் கோபிக்கவேண்டாம்.

மாஸ்டர்:
கோபம் இல்லை. அடைப்புக்குள்ளாவது வலிதாக்கலைப் போடுங்கோ.

மானிப்பாய்:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன். சூத்தைக் கணக்கை ஆங்கிலத்தில் நிரந்தரப் பல்லுக்குப் பெரிய எழுத்திலும் பாற்பல்லுக்குச் சின்ன எழுத்திலும் எழுதுவோம். தமிழில் எப்படிப் பிரித்தீர்கள்?

கொக்குவில்:
ஐயோ. பிரிக்கவில்லை.