விரைவில் களைத்துப்போகும் நாலரை வயது மகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு எப்படி அழைத்துச் செல்வது?

கேள்வி: நாலரை வயதுச் சிறுமியின் தாய்

வணக்கம். என் மகள் நடக்கத் தொடங்கியதே சற்றுத் தாமதமாகத்தான். மருத்துவர் முழுமையாகப் பரிசோதித்துவிட்டு, இதயத்திலோ இரத்தத்திலோ குறை ஏதும் இல்லை என்றும், தசைகளில் இயல்பாக இருக்கவேண்டிய இறுக்கம் கொஞ்சம் குறைவாக இருப்பதால் மற்றக் குழந்தைகளைவிட விரைவில் களைப்படைகிறாள் என்றும் கூறியிருக்கிறார். வீட்டில் இது பெரிய சிக்கலாகத் தெரிவதில்லை. அரைமணி நேரம் ஓடி விளையாடிய பிறகு அவளாகவே வந்து தரையில் படுத்துக்கொள்வாள். சற்று நேரத்தில் எழுந்து மீண்டும் ஓடுவாள்.

சென்ற ஆண்டு ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்குச் சென்றபோதுதான் தடுமாறிப்போனோம். காலை பத்து மணிக்கு உள்ளே நுழைந்தோம். பன்னிரண்டு மணிக்குள் அவள் அழத் தொடங்கிவிட்டாள். களைப்பாக இருக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. காலுறை குத்துகிறது, அண்ணன் முறைக்கிறான், இந்த ராட்டினம் வேண்டாம் என்று வேறு வேறு காரணங்களைச் சொன்னாள். அடம் பிடிக்கிறாள் என்று நினைத்து நானும் அதட்டிவிட்டேன். வீடு திரும்பும் வழியில் மடியில் அசைவற்று உறங்கியவளைப் பார்த்தபோதுதான் என் தவறு புரிந்தது; அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்காக அடுத்த மாதம் மீண்டும் செல்லவேண்டியிருக்கிறது. அவனுடைய நாளும் கெடாமல், இவளும் வதைபடாமல் இருக்க என்ன செய்யலாம்? களைப்பு முற்றுவதற்கு முன்பே அதைக் கண்டுகொள்ள வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்த தந்தை

சகோதரி, உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். நாலு வயதுப் பிள்ளைக்குக் களைப்பு என்பது ஒரு சொல்லாக வெளிவருவதில்லை; எரிச்சலாகவோ, அச்சமாகவோ, எதற்கோ எழும் பிடிவாதமாகவோதான் வரும். என் மகனும் அப்படித்தான் இருந்தான். இப்போது அவனுக்குப் பதினொரு வயது.

நாங்கள் கற்ற முதல் பாடம், அளந்து பார்ப்பது. புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் அவனோடு வழக்கமான வேகத்தில் நடந்து, முதல் அறிகுறி எத்தனையாவது நிமிடத்தில் தோன்றுகிறது என்று குறித்து வைத்தோம். அவனுக்கு அது ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம். அந்த முதல் அறிகுறி நடை தளர்வது அன்று, பேச்சு நிற்பது என்பதை அப்போதுதான் கவனித்தோம். ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வருபவன் திடீரென்று அமைதியாகிவிடுவான். அதன் பிறகு நம் கையைப் பிடித்துத் தொங்குவான். அதற்கும் பிறகுதான் அழுகை. உங்கள் மகளிடம் இந்த வரிசை வேறாக இருக்கலாம், ஆனால் ஒரு வரிசை கட்டாயம் இருக்கும். அதைக் கண்டுபிடித்தபின், இருபத்தைந்து நிமிடம் தாங்கும் பிள்ளையைப் பதினைந்தாவது நிமிடத்திலேயே உட்கார வைத்தோம். துவண்ட பிறகு உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் கழிந்தாலும் பழைய முகம் திரும்புவதில்லை. முன்கூட்டியே உட்கார வைத்தால் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

பெரிய பூங்காக்களில் ஒரு நாளில் பெரியவர்களே பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்துவிடுவது சாதாரணம். குழந்தையின் காலடி நம் காலடியைவிடச் சிறியது என்பதால், அதே தூரத்துக்கு அது நம்மைவிடக் கூடுதலான அடிகள் வைக்கவேண்டும். ஆகவே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் செல்லும் தூரம் முழுவதையும் தள்ளுவண்டியிலேயே கடந்துவிடுங்கள். நடப்பது, குதிப்பது, ஏறுவது எல்லாம் அவளுக்கு மகிழ்ச்சி தரும் இடத்தில் செலவாகட்டும்.

இன்னொன்று, எங்களுக்கு மிகவும் கைகொடுத்தது. கதவு திறக்கும் நேரத்திலேயே சென்று, முதலில் பூங்காவின் கடைக்கோடிக்கு வண்டியில் போய்விடுவோம். அங்கிருந்து வாயிலை நோக்கித் திரும்பி வந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிள்ளை சோர்வடையும் நேரத்தில் வாயில் அருகில் இருக்கும். முன்பெல்லாம் எதிர்த் திசையில் சென்று, அழும் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு முழுப் பூங்காவையும் கடந்து வந்திருக்கிறோம்.

மறுமொழி: பூங்காவில் சில ஆண்டுகள் பணியாற்றியவர்

மேலே உள்ள கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். வரிசைகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சிறு குழந்தைகள் ராட்டினத்தில் களைப்படைந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதற்கு முன்பு நாற்பது நிமிடம் நின்றுதான் களைப்படைகிறார்கள். பல பெரிய பூங்காக்களில் பெற்றோர் மாற்றி மாற்றிச் சவாரி செய்யும் ஏற்பாடு உண்டு. ஒருவர் மகனுடன் வரிசையில் நின்று சவாரி செய்து திரும்பியதும், மற்றவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளலாம். பெரும்பாலும் மூத்த பிள்ளை இரண்டாம் முறையும் உடன் செல்ல விடுவார்கள். இதை அறிவிப்புப் பலகையில் தேடுவதைவிட, நுழைவிடத்தில் நிற்கும் பணியாளரிடமே கேட்டுவிடுவது நல்லது. நீண்ட நேரம் நிற்க இயலாதவர்களுக்கான வசதியும் சில இடங்களில் இருக்கிறது. அதற்கு முன்பதிவு தேவைப்படலாம் என்பதால் வீட்டிலிருந்தே விசாரித்துவிடுங்கள்.

தள்ளுவண்டியின் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, அமெரிக்காவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் 2019 முதல் 79 செ.மீ. அகலத்துக்கும் 132 செ.மீ. நீளத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை உள்ளே விடுவதில்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே மாதிரியான வண்டிகள் நூற்றுக்கணக்கில் நிற்கும். கைப்பிடியில் பளிச்சென்ற துணியொன்றைக் கட்டிவையுங்கள். குழந்தைப் பராமரிப்பு அறையும் முதலுதவி அறையும் எங்கே இருக்கின்றன என்பதை உள்ளே நுழைந்தவுடன் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பூங்காவிலேயே அமைதியான இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

மறுமொழி: மூன்று பிள்ளைகளின் தாய்

என் கருத்து சற்று மாறுபட்டது. நாள் முழுவதும் நால்வரும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். தந்தையும் மகனும் காலையிலிருந்து மாலைவரை இருக்கட்டும். நீங்களும் மகளும் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுத் தங்குமிடத்துக்குத் திரும்புங்கள். மகளுக்கு அது குறைவாகத் தோன்றாது. அவளுக்குப் பிடித்த ஒரே ராட்டினத்தில் நான்கு முறை ஏறினால் அதுவே அவளுக்கு முழு நாள். மகனுக்கும், தங்கைக்காகத் தன்னை நிறுத்தி வைத்தார்கள் என்ற மனக்குறை வராது.

கேள்வி கேட்டவர்

உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. நாலரை வயதில் தள்ளுவண்டியில் உட்கார வைத்தால் கால்கள் இன்னும் வலுவிழந்துபோகும் என்று என் மாமியார் கவலைப்படுகிறார். அவர் அன்பினால் சொல்வதால் எனக்கும் மறுக்கத் தெரியவில்லை. மகளோ, “நான் பாப்பா இல்லை” என்று வண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

மறுமொழி: குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர்

அம்மா, உங்கள் மாமியாரின் கவலை இயல்பானது. பல பாட்டிமார் எங்களிடம் இதையே கேட்கிறார்கள். தசை வலுப்பெறுவது ஒவ்வொரு நாளும் செய்யும் விளையாட்டினாலும் பயிற்சியினாலும்தான். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியில் அமர்வதால் அது குறையாது. தசை இறுக்கம் குறைந்த குழந்தைக்கு நேராக நிற்பதே உழைப்பு என்பதைப் பெரியவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். நாம் நினைக்காமலேயே நம் முதுகையும் இடுப்பையும் தசைகள் நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அவளுடைய தசைகள் அதே வேலைக்குக் கூடுதலாக முயலவேண்டியிருக்கிறது. ஓடுவதைவிட அசையாமல் நிற்பது இக்குழந்தைகளைச் சீக்கிரம் தளர்த்துவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வரிசையில் அவள் சுவரிலோ உங்கள் காலிலோ சாய்ந்தால் நிமிர்ந்து நிற்கச் சொல்லாதீர்கள்; தரையில் உட்கார்ந்தால் உட்காரட்டும்.

வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். 15 கிலோ வரை மட்டும் தாங்குபவையும் 22 கிலோ வரை தாங்குபவையும் இருக்கின்றன. அவள் வயதுக்கு முதல் வகை போதாமல் போகலாம். பாதங்கள் தொங்காமல் ஊன்றி வைக்க இடம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அமர்ந்திருப்பதே களைப்பாகிவிடும். வெயிலுக்காக வண்டியைத் துணியால் முழுவதும் மூடாதீர்கள். காற்றோட்டம் நின்று உள்ளே வெப்பம் ஏறிவிடும். குழந்தைகளுக்கு உடல் எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம், வியர்ப்பதோ நம்மைவிடக் குறைவு. ஆகவே கடும் வெயிலில் அவர்கள் உடல் விரைவாகச் சூடேறுகிறது. தாகம் எடுத்ததைச் சொல்லவும் மறந்துவிடுவார்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மடக்குத் தண்ணீரும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது உணவும் நீங்களாகவே கொடுங்கள்; நண்பகலில் நிழலுக்கோ கூரையுள்ள அரங்குக்கோ சென்றுவிடுங்கள். இந்த வயதில் ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. ஆகையால் முந்தைய இரவை எப்படியாவது காத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கழுத்தை வெட்டி இழுக்கும் வேகமான சவாரிகளுக்கு உயரம் போதுமானதாக இருந்தாலும், தசை இறுக்கம் குறைந்த குழந்தையை ஏற்றுவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். உயர வரம்பு அவள் உடலின் அளவைத்தான் பார்க்கிறது, கழுத்தின் வலுவைப் பார்ப்பதில்லை.

இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்கும் ஒரு சொல். மருத்துவரைப் பார்க்காமலேயே தன் பிள்ளை இயல்பாகவே இப்படித்தான் என்று முடிவு செய்யவேண்டாம். முகம் வெளிறுவது, மூச்சு வாங்குவது, உதடு நீலமாவது, நொண்டி நடப்பது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுவது, இரவில் உரத்த குறட்டை, முன்பு செய்ததை இப்போது செய்ய இயலாமல் போவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சுற்றுலாவைத் திட்டமிடுவதற்கு முன் பரிசோதனை அவசியம். இரும்புச்சத்துக் குறைவு போன்ற எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களும் களைப்புக்குப் பின்னால் இருக்கக்கூடும்.

மறுமொழி: இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்த தந்தை

“பாப்பா இல்லை” என்பதற்கு எங்கள் வீட்டில் வழி கிடைத்தது. வண்டியை அவனுக்காகக் கொண்டுவந்ததாகச் சொல்லவே இல்லை. பைகளும் தண்ணீர்க் குப்பிகளும் வைக்க ஒரு வண்டி என்றோம், வரைபடத்தை அவன் கையில் கொடுத்து வழிகாட்டும் பொறுப்பையும் ஒப்படைத்தோம். வரைபடத்தை விரித்துப் பார்க்க உட்கார்ந்தால்தானே வசதி? அவனாகவே ஏறி அமர்ந்தான். அவள் ஏறி அமரும்போது யாரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது முக்கியம், குறிப்பாக அண்ணன். மகனிடம் தனியாக, தங்கையின் கால்கள் எவ்வளவு உழைக்கின்றன என்பதைச் சொல்லிவையுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரியும்.

கேள்வி கேட்டவர்

இந்த வாரம் மூன்று நாள் அவளோடு நடந்து பார்த்தேன். மூன்று நாளும் பதினெட்டாவது நிமிடத்தையொட்டி வலது கையால் தன் சட்டை நுனியைத் திருகத் தொடங்குகிறாள். அதற்குச் சில நிமிடங்களுக்குப் பிறகுதான் சிணுங்கல் வருகிறது. இத்தனை நாள் இதைப் பார்த்தும் நான் பார்க்கவில்லை. மாமியாரிடம் மருத்துவர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். வண்டியின் கைப்பிடியில் கட்டத் தம் பழைய சிவப்புச் சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். பூங்காவுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே பதிவிடுகிறேன்.